வானூர்தி அளக்கும் தொலைவு

"உலகம் சுருங்கிவிட்டது" என்னும் தொடர் ஒலிக்காத கல்லூரி விழா இன்று ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. வரவேற்புரை ஆற்றுபவர் அதனைக் கூறுகிறார். சிறப்புரை ஆற்ற வந்தவர் அதையே சற்று விரித்து, உலகம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது என்கிறார். நன்றியுரைக்கு எழுந்த மாணவரும் அதை விட்டுவைப்பதில்லை. தொடர் இனிமையானது, கைத்தட்டல் பெறுவது. ஆயினும் அது உண்மைதானா என்று ஒருமுறையேனும் நிறுத்துப் பார்த்தல் நம் கடமையன்றோ? நிறுத்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். உலகின் இருவேறு கோடிகளிலுள்ள இரண்டு விமான நிலையங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே வான்வழித் தொலைவு எத்துணை, அது எவ்வாறு அளக்கப்படுகிறது, அளந்த தொலைவும் பறக்கும் தொலைவும் ஒன்றுதானா என நோக்கினால் உண்மை தானே புலப்படும்.

இலண்டன் மாநகரின் ஹீத்ரோ நிலையத்தையும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நிலையத்தையும் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். இவற்றுக்கு இடைப்பட்ட நேர் வான்தொலைவு 17,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மைல் கணக்கில் ஏறத்தாழ 10,570. புவியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் ஆதலின், புவிப்பரப்பில் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்கு இருக்கக்கூடிய மிகப் பெரிய தொலைவே 20,000 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் சென்றால் திரும்பி வரத் தொடங்கிவிடுவோம். எனவே இவ்விரு நகரங்களும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று அடிப்புறமும் மேற்புறமுமாய் அமைந்தவை எனலாம். இந்த இணையைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நூறாண்டுக்கு மேலாக மனிதன் இவ்வழியைப் பறந்து பறந்து பழக்கியிருக்கிறான். அந்த வரலாற்றில் கல்கத்தாவும் கராச்சியும், ஷார்ஜாவும், இலங்கையின் காலியும் வந்து போகின்றன. நமக்கு அயலான கதையன்று அது.

முதலில் அளவையைப் பார்ப்போம். நம் வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் உலகப் படத்தில் இலண்டனில் ஒரு புள்ளியும் சிட்னியில் ஒரு புள்ளியும் இட்டு, அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால், அது தென்கிழக்காகச் சாய்ந்து அரபு நாடுகளையும் இந்தியப் பெருங்கடலையும் கடந்து செல்லும். மாணவர் பலரும் இதையே குறுக்குவழி என நம்புகின்றனர். அது குறுக்குவழியன்று. உருண்டையை உரித்துத் தட்டையாக்கினால் எங்கேனும் ஓரிடத்தில் இழுபட்டே தீரும். 1569இல் மெர்கேட்டர் வரைந்த படமுறை கப்பலோட்டிகளுக்குத் திசையைச் சரியாகக் காட்டுவதற்காகத் தொலைவையும் பரப்பையும் பலிகொடுத்தது; அப்படத்தில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கிறது. உண்மையான குறுக்குவழியை அறிய வேண்டுமாயின் புவியுருண்டையை எடுத்து, ஒரு நூலை இலண்டனில் ஊன்றி, சிட்னி வரை இறுக இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் தென்கிழக்கே போகாது; வடகிழக்கே தொடங்கும்! பால்டிக் கடலோரத்தைத் தொட்டு, மாஸ்கோவுக்குச் சற்று வடக்காக ஏறி, கசகஸ்தான், சீனம் எனச் சரிந்து, தென்சீனக் கடலையும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளையும் கடந்து சிட்னியை அடையும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இந்தப் பாதையில் இந்தியா வருவதே இல்லை. ஆயினும் நூறாண்டு காலம் இலண்டன்-சிட்னி விமானங்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வழியே சென்றன. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

கோளத்தின் மேல் தொலைவு காணும் இக்கணிதம் விமானம் பிறந்த பின் தோன்றியதன்று. கிப்லாவின் திசையை அறியும் தேவையால் இசுலாமிய உலகின் கணித மேதைகள் இதில் நூற்றாண்டுகள் உழைத்தனர். அவருள் அல்-பீரூனியை இங்கே நினைவுகூராமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. இன்றைய பாகிஸ்தானத்துப் பஞ்சாபிலுள்ள நந்தனாக் கோட்டை மலையில் நின்று, தொடுவானம் எத்துணை தாழ்ந்து தோன்றுகிறது என்னும் ஒரே கோணத்தைக் கொண்டு புவியின் ஆரத்தைக் கணக்கிட்டவர் அவர். கஜ்னி நகரிலிருந்து மக்காவின் திசையைத் துல்லியமாகக் காண்பதற்கென்றே ஊர்களின் இருப்பிடங்களை ஆராய்ந்து 1025இல் 'தஹ்தீத்' என்னும் நூலை முடித்தார். அதில் அவர் கையாண்ட ஒரு முறை நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. ஒட்டக வணிகர்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இத்தனை தொலைவு எனக் கூறியதை அவர் அப்படியே ஏற்கவில்லை; வழியின் வளைவு நெளிவுகளுக்காக அதில் ஒரு பகுதியைக் கழித்து, பின்னரே நேர்க்கோட்டுத் தொலைவெனக் கொண்டார். நடக்கும் தொலைவு வேறு, இருக்கும் தொலைவு வேறு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கணக்கில் கொண்டிருக்கிறார். நாமோ இன்று பயணச்சீட்டில் அச்சிட்ட மணிக்கணக்கைத் தொலைவென்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நியூயார்க் நகரத்தார் தொழுகைக்கு எத்திசை நோக்க வேண்டும் என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். சுவர்ப்படத்தை எண்ணித் தென்கிழக்கு என்பர். பெருவட்டக் கணக்கின்படி அது வடகிழக்கு. புவி உருண்டை என்று ஏட்டில் படித்தது இன்னும் நெஞ்சில் ஏறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தமிழர் தொலைவை அளந்த முறையும் சிந்திக்கத்தக்கது. 'நாழிகை வழி' என்று ஓர் அளவை நம்மிடம் இருந்தது. நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடக் காலம்; அக்காலத்துள் ஒருவன் நடந்து கடக்கும் வழியே நாழிகை வழி, ஏறக்குறைய ஒன்றரை மைல். காலத்தைக் கொண்டு இடத்தை அளந்தனர் நம் முன்னோர். கால்நடை ஒன்றே போக்குவரத்தாய் இருந்தவரை அதில் குழப்பம் எழவில்லை. ஏழைக்கும் செல்வனுக்கும் கால் ஒன்றுதானே! இன்று நாமும் "சிட்னி இருபத்துநான்கு மணி நேரம்" என்று நாழிகை வழியிலேயே பேசுகிறோம். ஆனால் இன்றைய நாழிகை எல்லார்க்கும் ஒன்றாய் இல்லை. அஃது ஊர்தியைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது, கைப்பொருளைப் பொறுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, இடையிலுள்ள நாட்டாரின் இசைவைப் பொறுத்தது. கிலோமீட்டர் சுருங்கவில்லை. நாழிகைதான் சுருங்கியது, சுருங்கிய நாழிகை மீண்டும் நீளவும் கூடும். இதுவே என் கருத்து. வரலாறு இதற்குத் துணைநிற்கிறது.

1919 நவம்பர் 12ஆம் நாள், இன்றைய ஹீத்ரோவுக்கு அண்மையிலுள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவர், இயந்திர வல்லுநர் இருவரோடு 'விக்கர்ஸ் விமி' என்னும் திறந்த இருக்கை விமானத்தில் புறப்பட்டனர். முப்பது நாட்களுக்குள் ஆஸ்திரேலியாவை அடையும் தன் நாட்டவர்க்கு 10,000 பவுன் பரிசு என அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது. டிசம்பர் 10ஆம் நாள் அவர்கள் டார்வின் நகரில் இறங்கினர். இருபத்தெட்டு நாட்களுக்குச் சற்றுக் குறைவு. வழியில் கல்கத்தாவிலும் இரங்கூனிலும் குதிரைப் பந்தயத் திடல்களே அவர்களுக்கு விமான நிலையங்கள். சாவகத் தீவின் சுரபாயாவில் விமானம் சேற்றில் புதைந்துவிட்டது. அவ்வூர் மக்கள் தம் வீட்டு மூங்கில் பாய்களைக் கொணர்ந்து சேற்றின் மேல் விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்தனர். அப்பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழுந்தது. அந்தச் சாதனையைப் பாடும் நூல்களில் உடன்பிறந்தார் பெயர் உண்டு. பாய் கொடுத்த ஒருவர் பெயரும் இல்லை.

அடுத்து வந்தது நிறுவனங்களின் காலம். பிரித்தானியரின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929இல் இலண்டனிலிருந்து கராச்சிக்குப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. 1935இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தோடு இணைந்து பிரிஸ்பேன் வரை பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது பயணம் பன்னிரண்டரை நாட்கள் பிடித்தது. இதில் வியப்பு யாதெனில், 'வான்வழிப் பயணம்' எனப் பெயர்பெற்ற அதன் ஒரு பகுதி இரயிலில் நடந்தது என்பதே! இத்தாலியின் மேலாகப் பறந்து செல்வதில் அந்நாட்டு அரசோடு உடன்பாடு எட்டாமையால், பயணிகள் பாரிசில் இரயில் ஏறி, இத்தாலியின் தென்கோடியிலுள்ள பிரிண்டிசியில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் விமானம் ஏறினர். தரையில் இத்தாலியைக் கடக்கத் தடையில்லை. வானத்தில் கடக்கத்தான் தடை.

பாரசீக வளைகுடாவிலும் இதே கதை. தொடக்கத்தில் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகச் சென்றன. பாரசீக அரசு அந்த இசைவை நீட்டிக்க மறுத்ததும் 1932இல் வழி எதிர்க்கரையான அரபுக் கரைக்கு மாறியது. அதற்காக ஷார்ஜாவின் மணல்வெளியில் ஓர் இறங்குதளமும், பயணிகள் இரவு தங்குவதற்குக் கோட்டை போன்ற விடுதியும் எழுந்தன. அக்கட்டடம் இன்று 'அல் மஹத்தா' என்னும் பெயரில் அருங்காட்சியகமாக விளங்குகிறது. வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்நகரின் வழியே போய்வந்திருப்பர்! முத்துக்குளித்தலையும் மீன்பிடித்தலையும் நம்பியிருந்த அச்சிற்றூர் வான்வழி வரைபடத்தில் இடம்பெற்றது எண்ணெயால் அன்று. ஓர் அரசு மறுத்தது. மற்றொரு கரை இடங்கொடுத்தது. அவ்வளவே.

மேலே கேட்ட வினாவுக்கு விடையும் இதில் அடங்கியிருக்கிறது. இந்தியா ஏன் வழியில் வந்தது? கெய்ரோ, பக்தாது, கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் என அந்த வழியின் படிக்கட்டுகள் பலவும் அன்று பிரித்தானியரின் ஆட்சியிலோ செல்வாக்கிலோ இருந்தன. கோளக் கணிதம் காட்டிய கோடு சோவியத்து நாட்டின் மேல் சென்றது. பேரரசு காட்டிய கோடு நம் தலைக்கு மேல் சென்றது. விமானங்கள் பேரரசின் கோட்டையே பின்பற்றின.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டதும் அக்கோடும் அறுந்தது. ஆஸ்திரேலியா தனித்து நின்றது. அப்போது நிகழ்ந்ததை வான்வழி வரலாற்றின் ஒப்பற்ற அத்தியாயம் என்று நான் கருதுகிறேன். 1943 சூன் மாதம் முதல், இலங்கையின் காலி நகருக்கு அண்மையிலுள்ள கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக்கரை நகராகிய பெர்த்துக்கும் இடையே 'கேட்டலினா' என்னும் நீர்விமானங்கள் எங்கும் இறங்காமல் பறக்கலாயின. ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் வெறுங்கடல். பகைவர் செவியில் படாதிருக்க வானொலியில் பேசுதல் கூடாது, விண்மீன்களே வழிகாட்டி. மிக மெதுவாகப் பறக்கும் ஊர்தியாதலின் இருபத்தேழு மணி முதல் முப்பது மணி நேரத்துக்கு மேலும் வானிலேயே கழிந்தது. ஒரே பயணத்தில் இரண்டு முறை கதிரவன் உதிப்பதைப் பயணிகள் கண்டனர். அதனால் 'இரட்டை விடியல்' என்று அப்பயணத்துக்குப் பெயர். எரிபொருளை ஏற்றிய பின் மூன்று பயணிகளுக்கும் சிறிது அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. 1945 சூலை வரை 271 முறை அக்கடலைக் கடந்தனர். ஒரு விமானமும் வீழவில்லை. தொலைவு ஒன்றுதான். இன்றைய ஜெட் விமானம் அதே கடலை ஏழு எட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். கொக்கல ஏரியில் அமர்ந்து புறப்பாட்டுக்குக் காத்திருந்த அந்த மூன்று பயணிகளுக்கு உலகம் எத்துணை பெரிதாய்த் தோன்றியிருக்கும்!

போர் முடிந்தபின் வளர்ச்சி விரைந்தது. 1947 டிசம்பர் முதல் நாள் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு 'கான்ஸ்டலேஷன்' விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளரோடும் புறப்பட்டு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி எனத் தத்தித் தத்திச் சென்று நான்கு நாட்களில் சேர்ந்தது. தாவித் தாவிச் சென்றமையால் அதனைக் 'கங்காரு வழி' என்றனர். 1989 ஆகஸ்டில் போயிங் 747-400 விமானம் ஒன்று இலண்டனில் எழுந்து எங்கும் நில்லாமல் 20 மணி 9 நிமிடத்தில் சிட்னி சேர்ந்தது. ஆனால் அதில் கட்டணப் பயணி ஒருவரும் இலர். தனியே வரவழைத்த அடர்த்தி மிகுந்த எரிபொருளை நிரப்பி, அதில் ஒரு துளியும் தரையில் வீணாகாதிருக்க ஓடுபாதைவரை இழுவை வண்டியால் இழுத்துச் சென்றனர். முடியும் என்பதை மெய்ப்பித்தார்கள். வாழ்க்கைக்கு அது பயன்படவில்லை. 2018 மார்ச்சில்தான், சிட்னிக்கு அன்று, பெர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே, 14,500 கிலோமீட்டரை ஒரே வீச்சில் கடக்கும் நாள்தோறுமான பயணம் போயிங் 787-9 விமானத்தால் தொடங்கியது. பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இருபத்தெட்டு நாட்கள், பன்னிரண்டரை நாட்கள், நான்கு நாட்கள், ஒரு நாள்: இதைக் காட்டித்தான் உலகம் சுருங்கிவிட்டது என்கின்றனர். இவ்வரிசை ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போகும் என்று நம்புவதுதான் பிழை. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் நாடுகள் கூடி இயற்றிய உடன்படிக்கையின் முதற்பிரிவே, ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வானத்தின் மீது முழுமையான தனியுரிமை உடையது என்று கூறுகிறது. பறவைக்கு இல்லாத வேலி விமானத்துக்கு உண்டு. ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு விமானத்தை 1977இல் இலண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓட்டினர். மலேசியா தன் வானத்தில் அந்த இடிமுழக்கத்தை ஏற்க மறுத்ததால் மூன்று சுற்றுகளோடு நின்றது. பின்னர் 1979இல் மீண்டும் தொடங்கியும் மறு ஆண்டே முடிந்துபோயிற்று. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் ஒலியை விஞ்சிய வேகத்துக்கு இசையவில்லை. எத்துணை விரைந்த ஊர்தியாயினும் கீழே இருப்பவர் வேண்டா என்றால் வேண்டாதான். அவர்கள் செவியும் செவிதானே!

இதனினும் தெளிவான சான்று பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் சப்பானின் டோக்கியோவுக்கும் இடைப்பட்ட வழியாகும். நேர்த்தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ரஷ்ய நிலம். 1983இல் அந்நாட்டு ஃபின்ஏர் நிறுவனம் டோக்கியோவுக்கு நில்லாப் பயணம் தொடங்கியபோது சோவியத்து வானம் மூடிக்கிடந்தது. ஆகவே விமானம் வடதுருவத்தின் மேலேறி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே இறங்கி, ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரத்தில் சேர்ந்தது. பின்னர் வானம் திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்தது. ஐரோப்பாவிலிருந்து கீழைநாடுகளுக்குக் குறுக்குவழி எங்கள் ஊர்தான் என்று அந்நிறுவனம் தன் வணிகத்தையே அதன் மேல் கட்டியெழுப்பியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. மார்ச்சில் விமானம் மீண்டும் துருவத்தின் மேல் சென்றது. பயண நேரம்? பதின்மூன்று மணி. ஏறத்தாழ நாற்பதாண்டுகளில் பொறிகள் மாறின, கணிப்பொறிகள் வந்தன, ஊர்தியின் உடலே புதுப்பொருளால் ஆயிற்று. நாழிகை மட்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. துருவத்தைக் கடந்தமைக்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் வழங்கினராம். மூன்றரை மணி நேரம் கூடுதலாக அடைபட்டுக் கிடந்தமைக்கு அச்சிட்ட தாள் ஒன்று!

நம் நாட்டிலும் காணவில்லையா? 2019 பிப்ரவரி இறுதி முதல் சூலை நடுப்பகுதிவரை பாகிஸ்தானின் வானம் மூடியிருந்தபோது தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் தெற்கே குஜராத்துப் பக்கம் இறங்கி அரபிக்கடலைச் சுற்றிச் சென்றன. பெர்த்-இலண்டன் வழியும் தப்பவில்லை. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மிகுந்தபோது, ஈரானைத் தவிர்த்துச் சுற்றிச் செல்ல எரிபொருள் போதாமையால், இலண்டனுக்குச் செல்லும் விமானம் சிலகாலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. இலண்டனிலிருந்து திரும்பும் விமானமோ நில்லாமலே வந்தது. ஏனெனில் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று திரும்பும்போது முதுகைத் தள்ளுகிறது. போகும்போது முகத்தில் அறைகிறது. போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்றல்ல என்றால் படிப்பவர் நகைக்கலாம். விமானியைக் கேட்டால் நகைக்கமாட்டார்.

இனிப் பொருளின் கணக்கு. தொலைவு மிகமிக, எரிபொருளைச் சுமப்பதற்கென்றே எரிபொருள் எரிகிறது. சிங்கப்பூருக்கும் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கும் இடையே 15,300 கிலோமீட்டரை 2004இல் நில்லாமல் கடக்கத் தொடங்கிய விமானத்தில் 181 இருக்கைகள் இருந்தன. 2008இல் அவற்றை நூறாகக் குறைத்து, உயர்கட்டணப் பயணிகளுக்கு மட்டும் என்றாக்கினர். 2013இல் எரிபொருள் விலை தாளாமல் நிறுத்தினர். எரிசிக்கனமான புது விமானம் வந்தபின் 2018இல்தான் மீண்டும் தொடங்கிற்று. சிட்னி-இலண்டன் நில்லாப் பயணத்துக்கெனக் குவாண்டாஸ் 2022 மே மாதத்தில் ஏர்பஸ் ஏ350-1000 வகை விமானங்கள் பன்னிரண்டுக்கு ஆணையளித்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'சன்ரைஸ்', கேட்டலினாக்களின் இரட்டை விடியலை நினைந்து இட்டது. பிற நிறுவனங்கள் அவ்விமானத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோரை ஏற்ற, இதில் 238 இருக்கைகளே. பின்புறத்தில் கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் தொட்டி. கடைசிச் சில ஆயிரம் கிலோமீட்டரை வெல்வதற்காக அறுபது எழுபது மனிதர் இறக்கிவிடப்படுகின்றனர். இறக்கிவிடப்படுபவர் எவ்வகைப் பயணச்சீட்டினர் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இப்பொருள் வெறும் எண்ணிக்கையன்று. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். முன்பு சிங்கப்பூர், மலேயா, பர்மா, பிறகு வளைகுடா, இப்போது சிட்னியும் மெல்போர்னும் இலண்டனும். "என்னம்மா தூரம், ஒரு நாளில் வந்துவிடலாம்" என்று கூறியே பெற்றோரைத் தேற்றிவிட்டுப் பிள்ளைகள் செல்கின்றனர். ஜனாஸாவைத் தாமதியாமல் நல்லடக்கம் செய்தல் நம் மரபு. தந்தை இறந்த செய்தி தொலைபேசியில் ஒரு நொடியில் சிட்னியை எட்டிவிடும். மகனுக்கு விடுப்பு வேண்டும். அன்றைய விமானத்தில் இடம் வேண்டும். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறி வந்தாலும் நிலையத்துள் நுழைந்தது முதல் சென்னையில் வெளியேறுவது வரை பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது. அதன்பின் ஊர் வரைக்கும் பேருந்தோ காரோ. எத்தனை மகன்கள் கப்ருஸ்தானில் மண் காய்ந்த பின் வந்து நின்றிருக்கின்றனர்! செய்தி சென்ற தொலைவும் மகன் வந்த தொலைவும் ஒன்றுதான். செய்திக்கு உலகம் சுருங்கிவிட்டது, மகனுக்குச் சுருங்கவில்லை. மேடையில் பேசுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றனர் என்பதே என் முறையீடு.

அக்காலத்தில் கப்பலில் பினாங்கு சென்றவர் மீண்டு வர வாரக்கணக்காயிற்றே, அதனினும் இது மேலன்றோ எனச் சிலர் வினவுவர். மேல்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் கப்பலில் சென்றவரைக் குடும்பத்தார் தொலைவில் இருப்பவராகவே எண்ணினர். அதற்கேற்பக் கடிதம் எழுதினர், பொறுப்புகளை ஊரிலிருப்போர்க்குப் பங்கிட்டனர், முதியோர்க்கு அருகில் ஒருவரை நிறுத்தினர். இன்று பக்கத்தில்தான் இருக்கிறார் என்னும் மயக்கத்தில் அந்த ஏற்பாடுகளை எல்லாம் கைவிட்டிருக்கிறோம். தொலைவைத் தொலைவென்று ஏற்றுக்கொண்ட தலைமுறை நம்மினும் விழிப்பாய் இருந்தது என்றே தோன்றுகிறது. மஹல்லாதோறும், பிள்ளைகள் அனைவரும் கடல்கடந்து வாழும் முதியோர் இல்லங்களை இளைஞர் சிலர் முறைவைத்துப் பார்த்துவர ஏற்பாடு செய்தால் அது பெரும்பணியாகும்.

கல்லூரிக்கும் சிறு வேண்டுகோள்கள் உண்டு. ஒவ்வொரு துறையிலும் சுவர்ப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு புவியுருண்டையும் ஒரு பந்து நூலும் வைக்கலாம். செலவு மிகச் சிறிது. புவியியல் மாணவர்க்கு மட்டுமன்றித் தமிழ் மாணவர்க்கும் அது வேண்டும். இத்துறை குறித்துத் தமிழில் எழுதப் புகும்போது சொற்கள் காலை வாருகின்றன. நாளிதழ்கள் ஒரு நாட்டின் உரிமைக்குட்பட்ட வானத்தையும் 'வான்வெளி' என்கின்றன. செயற்கைக்கோள் சுற்றும் வெற்றிடத்தையும் சிலவேளை அவ்வாறே சொல்கின்றன. முன்னதற்கு 'வானெல்லை' என்று வரையறுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். நெடும்பயணம் செய்தவர் பகலில் உறங்கி இரவில் விழித்துத் தடுமாறும் நிலையை 'ஜெட் லாக்' என்றே சொல்லி வருகிறோம். 'பொழுது மாறாட்டம்' என்று நான் எழுதிப் பார்த்தேன்; சற்று நீளமாக இருக்கிறது. இதனினும் செறிவான சொல் மாணவர் எவர்க்கேனும் தோன்றுமாயின் அடுத்த ஆண்டு மலருக்கு எழுதி அளிக்கலாம்.